பெயரும் தழும்பும்: ஒரு கொள்ளுப்பாட்டியின் வரலாற்றைத் தேடும் முறை

அரசர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. புரவலர்க்குப் பாடல் உண்டு. நிலமும் பட்டமும் இல்லாத ஒருவரின் வாழ்க்கையைப் பின்னோர் எதனைக் கொண்டு அறிவது? இவ்வினாவிற்கு விடை தேடிய நூல்களுள் கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இதழாளர் காயுத்ரா பகதூர் ஆங்கிலத்தில் எழுதிய ‘கூலி உமன்’ (2013) குறிப்பிடத்தக்கது. அந்நூலின் சான்றுமுறையை மதிப்பிடுவதும் தமிழாய்வுக்கு அதன் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1903ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து ‘கிளைடு’ என்னும் கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்ற சுஜாரியா, நூலாசிரியரின் கொள்ளுப்பாட்டி ஆவார். பீகாரைச் சேர்ந்தவர், வயது 27, துணையின்றிச் சென்றவர், கருவுற்று நான்கு திங்கள் ஆகியிருந்தது. குழந்தை கடற்பயணத்திலேயே பிறந்தது. அவருடைய குடிபெயர்வுச் சீட்டில் கணவர் பெயர் இல்லை.

இத்தகைய சீட்டு யார் தேவைக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் நோக்க வேண்டும். உயரம், தழும்பு, சாதி, ஊர் ஆகியவை ஆளை அடையாளங்காண அலுவலகத்திற்கு வேண்டியிருந்தன. அவர் ஏன் புறப்பட்டார் என்பது வேண்டியதில்லை. மேலும் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் விதி நடைமுறையில் இருந்தமையால், ஆள்சேர்ப்போர்க்குப் பெண்கள் கட்டாயம் தேவைப்பட்டனர். கருவுற்ற ஒரு தனிப்பெண் கப்பலேறியதை இவ்விதியோடு இணைத்தே படித்தல் வேண்டும். விதவையா, கைவிடப்பட்டவரா, ஏமாற்றப்பட்டவரா, தானே விரும்பிப் புறப்பட்டவரா என்பதற்குச் சீட்டில் விடையில்லை.

ஆவணம் மௌனமாகும் இவ்விடங்களில் பகதூர் கதை புனையவில்லை; வினாக்களை அடுக்கிச் செல்கிறார். நூலின் நேர்மை இதில்தான் உள்ளது. ஆயினும் சில பக்கங்களில் வினாவே விடையை உள்ளடக்கியதாக அமைந்து, வாசகரை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. பாட்டியைப் பற்றிய சான்று குறையும்போது பிற கூலிப்பெண்களின் வழக்குகள், முறையீடுகள், கொலைக்குறிப்புகள் ஆகியவற்றால் இடைவெளி நிரப்பப்படுகிறது. துன்பமும் குற்றமும் நேர்ந்தபோதே பெண்கள் ஆவணத்தில் இடம்பெற்றனர். அமைதியாக வாழ்ந்தவர் பதிவாகவில்லை. எனவே அவ்வழக்குகளைச் சுஜாரியாவின் வாழ்வுக்கு நிகராகக் கொள்வதில் இடர் உண்டு. நூலாசிரியர் இதனை அறிந்தவரே எனினும், அவ்வேறுபாட்டை இன்னும் அழுத்தமாகப் பேணியிருக்கலாம்.

தமிழில் இத்துயரை முதலில் நினைக்கச் செய்பவர் பாரதியார். ‘கரும்புத் தோட்டத்திலே’ பிஜித் தீவின் பெண்களை ஒரு கூட்டமாகக் கண்டு கலங்கும் பாடல். அதில் எவர்க்கும் பெயரில்லை. பாடலின் நோக்கத்திற்கு அது குறையுமன்று. ஆனால் பெயருள்ள ஒருத்தியை மீட்கும் பணி வேறு. அதற்கான மூலங்கள் நமக்கும் உள்ளன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர். கப்பல் பட்டியல்கள் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றைத் தருகின்றன.

இப்பட்டியல்களைப் படிப்பதில் தமிழறிஞர்க்குத் தனிப்பொறுப்பு உண்டு. எழுத்தர் காதில் விழுந்தவாறு உரோமன் எழுத்தில் எழுதியமையால் லகர ளகர ழகர வேறுபாடு அழிந்துவிட்டது. ஒரே எழுத்துக்கூட்டலை வல்லி எனவும் வள்ளி எனவும் படிக்கலாம். ஊர்ப்பெயர்களில் இச்சிக்கல் பன்மடங்காகும். முனுசாமி என்னும் ஒருவரின் இயற்பெயர் ‘மூன்சாமி’ எனத் திரிந்து தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயராயிற்று. அப்பெயரைக் குலப்பெயரெனக் கருதித் தமிழகத்தில் ஊர் ஊராகத் தேடும் கொள்ளுப்பேரர் அதனை எங்கும் காணார். அவர் தேட வேண்டியது பட்டியலில் தந்தை பெயர்க்கட்டத்தின் அருகே எழுதப்பட்டுள்ள ஊரையே. அவ்வூரின் பெயரைச் சரியாகப் படித்துத் தருபவர் தமிழ் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.