சதுரத் துண்டுகளின் கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தைத்த ‘சன்ஷைன் அண்டு ஷேடோ’ வகை ஒட்டுப்போர்வைகளில், நடுப்பரப்பு முழுவதும் ஒரே வடிவம்தான்: சிறு சதுரம். பூப்போட்ட துணி கிடையாது. எல்லாம் ஒற்றை நிறத் துணி, பெரும்பாலும் கம்பளி. நடுச்சதுரத்தைச் சுற்றி நிறங்கள் சாய்சதுர வளையங்களாக விரியும். வெளிறிய நிறம் படிப்படியாக அடர்ந்து, பிறகு மறுபடி வெளிறும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் துணிப்பரப்பே அசைவதுபோல் இருக்கும். வளைவு இல்லை, படம் இல்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்ற முடிவு ஒன்றே இத்தனையையும் செய்கிறது.

சதுரத்தின் பெரிய பலம் இதுதான் என்பேன். வடிவம் முன்பே தீர்மானமாகிவிடுவதால், தைப்பவரின் கவனம் முழுவதும் துணியின் மேலும் அது உட்காரும் இடத்தின் மேலும் திரும்புகிறது. வரையத் தெரியாதவரும் இதில் கலைஞராகலாம். கைக்கும் இது இதமான வடிவம். நான்கு ஓரமும் இழையோட்டத்தின்படியே வெட்டப்படுவதால் துணி இழுபடாது. முக்கோணத்தில் ஒரு பக்கமாவது கிராஸாக, அதாவது இழையோட்டத்துக்குச் சாய்வாக வந்து, தைக்கும்போதே நீண்டுவிடும். மும்மூன்றாக ஒன்பது சதுரங்களைச் சேர்க்கும் ‘நைன் பேட்ச்’ அமைப்பு அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகத் தையலின் பாலபாடமாக இருந்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பாலபாடம் என்பதற்காக அசட்டையாகத் தைக்க முடியாது. தையலுக்கென ஓரத்தில் விடுவது கால் அங்குலம். அதில் ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அது இரண்டு துண்டிலும் கூடுவதால், ஒவ்வொரு தையலிலும் எட்டில் ஒரு அங்குலம் போகிறது. ஒரு வரிசையில் 16 சதுரம், 15 தையல் என்றால், வரிசை ஏறத்தாழ 2 அங்குலம் குறுகிவிடும். எல்லா வரிசையும் ஒரே அளவு குறுகினால் பரவாயில்லை. ஒன்று குறுகி ஒன்று குறுகாமல் நின்றால் நான்கு மூலைகள் கூடும் புள்ளி விலகிவிடும், சதுரங்களில் கண் முதலில் போவதும் அந்தப் புள்ளிக்குத்தான். இதற்கு நல்ல கைமருந்து உண்டு: ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி மூலை தானே நேராகும்.

ஒட்டுப்போர்வையைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது சிக்கனம். அந்தப் புகழைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 5 அங்குலச் சதுரம் தைத்தபின் நாலரை அங்குலம் ஆகிறது. பரப்பளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு துணி தையலுக்குள் மறைகிறது. இரண்டரை அங்குலச் சதுரத்திலோ 36 சதவீதம் போய்விடும். துண்டு சிறுக்கச் சிறுக்க அழகு கூடலாம், வீணும் கூடுகிறது. கிழிந்த சட்டையிலிருந்து வெட்டிய துண்டென்றால் இந்த இழப்பைப் பொருட்படுத்த வேண்டாம். மீட்டர் கணக்கில் வாங்கிய புதுத்துணியை இப்படி வெட்டிவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பழந்துணி என்ன தரும் என்று பார்க்க அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊருக்குப் போக வேண்டும். அந்த ஊரின் கறுப்பினப் பெண்கள் வயல்வேலையில் உடுத்தித் தேய்ந்த உடைகளை வெட்டிப் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே 1942-ல் தம் மறைந்த கணவரின் வேலை உடைகளைக் கொண்டு தைத்த போர்வை இன்று பலரும் அறிந்தது. இத்தகைய போர்வைகளில் ஒரு டெனிம் துண்டை உற்றுப் பார்த்தால், முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும். பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் பழைய நீலம் மாறாமல் இருக்கும். அந்த நிறவேறுபாட்டை எந்தச் சாயப்பட்டறையும் செய்து தராது. அவர்களுடைய கட்டங்கள் அளவுகோலுக்கு அடங்காமல் சாய்ந்தும் கோணியும் நிற்கின்றன. சற்றுமுன் மூலைப் பொருத்தத்தை வலியுறுத்திய நானே, இங்கே அதைக் கேட்கமாட்டேன். துணி இவ்வளவு பேசும்போது மூலை விலகுவது குறையாகத் தெரிவதில்லை.

புதுத்துணி என்றாலே குற்றம் என்று சொல்லவரவில்லை. ஆமிஷ் பெண்களும் கடையில் வாங்கிய துணியை நிறையப் பயன்படுத்தினார்கள். ஆனால் நிறத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள். இன்று கடைகளில் கிடைக்கும், முன்பே வெட்டிய சதுரக் கட்டுகளில் அந்தத் தேர்வும் போய்விடுகிறது. ஒரே வடிவமைப்பாளரின் அச்சுத்துணிகள், ஒன்றோடொன்று இசையும்படி முன்கூட்டியே சேர்த்தவை. பெரும்பாலும் எல்லாமே நடுத்தர அடர்த்தி. தைத்து முடித்து எட்ட நின்று பார்த்தால் மங்கலான ஒரே பரப்பு. தைக்குமுன் துண்டுகளைத் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். கட்டங்கள் கரைந்துபோனால் அடர்ந்த துணியும் வெளிறிய துணியும் இன்னும் தேவை. நேரம் மிச்சமாகிறதே என்பார்கள். மெய்தான், ஆனால் நேரத்தை மிச்சப்படுத்த, நீளப் பட்டைகளை முதலில் இணைத்துப் பிறகு குறுக்கே வெட்டும் முறை இருக்கிறது. அதில் வேகமும் உண்டு, தேர்வும் நம் கையில் நிற்கும்.

வீட்டு அலங்காரத்துக்கு வரும்போது இன்னொரு கேள்வி: கட்டிலா, சுவரா? 1971-ல் ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தொகுத்த போர்வைகளை நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நவீன ஓவியங்கள்போல் சுவரில் மாட்டியது. போர்வைக்குக் கலை மதிப்பு கிடைத்ததில் அந்தக் கண்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. தைத்த பெண்களின் மரபையும் பெயரையும் பின்னுக்குத் தள்ளி வடிவத்தை மட்டும் போற்றும் போக்கை 1973-ல் பட்ரீசியா மைனார்டி கடுமையாக விமர்சித்தார். நான் அவர் பக்கம். வீட்டில் தைத்து மாட்டுகிறவர்கள் பின்பக்க மூலையில் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதிவைப்பது அந்த விமர்சனத்துக்கு ஏற்ற சின்ன மறுமொழி. மாட்டுவதென்றால் ஆணியடித்து மூலைகளில் தொங்கவிட வேண்டாம். எடை அந்த இரண்டு இடத்திலேயே இறங்கித் தையல் பிரியும். பின்புற மேலோரத்தில் நீளக் குழலாக ஒரு துணி தைத்து அதற்குள் கம்பு செருகினால் எடை பரவும். எதிரே வெயில் விழும் சன்னல் இருந்தால் வேறு சுவர் பாருங்கள். சாயம் வெளுத்தபின் திரும்பாது. அறையில் திரைச்சீலையும் மெத்தையுறையும் ஏற்கனவே பூப்போட்டவை என்றால் போர்வையைக் கட்டிலிலேயே விரிக்கலாம். தினம் உடம்பில் பட்டுத் துவைத்துத் துவைத்து மென்மையாகும் பருத்தித்துணிக்கு அதுவே பொருத்தமான இடம்.