ஸ்கிராம் 411: ஆர்வலர்களைக் கவராத பயண வண்டி

ஸ்கிராம் 411 என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட மோட்டார் சைக்கிள். ஒரகடத்திலும் அருகிலுள்ள வல்லம் வடகாலிலும் ஆலைகள் கொண்ட இந்நிறுவனம், மலைப்பாதைகளுக்காக 2016இல் கொண்டுவந்த ஹிமாலயனை நகரப் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றி இதை உருவாக்கியது.

முன்சக்கரம் 21 அங்குலத்திலிருந்து 19 அங்குலமானது. தரை இடைவெளி 220 மில்லிமீட்டரிலிருந்து 200 ஆகக் குறைந்தது. காற்றுத்தடுப்புக் கண்ணாடி நீக்கப்பட்டது. எடையும் சற்றுக் குறைந்ததால் நெரிசலில் வண்டியைத் திருப்புவது எளிதாயிற்று. இது உண்மையான நன்மையே.

ஆயினும் நெடும்பயண ஆர்வலர்களிடம் ஹிமாலயன் பெற்ற இடத்தை இது பெறவில்லை. கரட்டுப் பாதைக்கு உதவியவை குறைக்கப்பட்டன. நெடுஞ்சாலைக்கு வேண்டியவை சேர்க்கப்படவில்லை. சுமார் 24 குதிரைத்திறன் தரும் அதே எஞ்சின், அதே ஐந்து கியர்கள். மெதுவாக மேடேற இழுவிசை போதும். நான்குவழிச் சாலையில் வேகம் கூடினால் எஞ்சின் திணறும், அதிர்வும் மிகும். டயர்களும் டியூப் உள்ளவை. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். ஆளில்லாத வழியில் இது பெருங்குறை.

வெளியானபோது ஹிமாலயனை விட இதன் விலை சுமார் பத்தாயிரம் ரூபாய்தான் குறைவு. இரண்டு லட்சம் செலவிடுபவர் அந்தச் சிறு சேமிப்புக்காகப் பயணத்திறனை இழக்க வேண்டியிருந்தது.

2025 ஜனவரியில் வந்த ஸ்கிராம் 440இல் ஆறாவது கியரும், ஒரு வகையில் டியூப் இல்லாத டயர்களும் இடம்பெற்றன. குறை எங்கிருந்தது என்பதை இந்த மாற்றங்களே காட்டுகின்றன.