ஐயத்திற்கும் ஓர் அளவு உண்டு

அமெரிக்காவில் விசாரணைக்கு வரும் கொலை வழக்கில், குற்றவாளியா அல்லவா என்று முடிவு செய்வது பெரும்பாலும் நீதிபதி அல்லர். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பன்னிரண்டு ஜூரர்கள். 'நியாயமான ஐயத்திற்கு இடமின்றி' குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால்தான் அவர்கள் 'குற்றவாளி' எனலாம். சட்டம் படிக்காத இவர்களுக்கு, 'நியாயமான ஐயம்' என்பதை எப்படி விளக்குவது?

ரெஜினால்டு ரோஸ் எழுதி, சிட்னி லுமெட் இயக்கி, 1957-இல் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்கிரி மென்' என்ற திரைப்படத்தின் கரு இதுவே. தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாக 18 வயது இளைஞன் மீது நியூயார்க்கில் வழக்கு. குற்றம் உறுதியானால் மரண தண்டனை. நியாயமான ஐயம் இருந்தால் விடுவியுங்கள் என்று நீதிபதி சலிப்போடு சொல்லி முடிக்கிறார். அச்சொல்லுக்குப் பொருள் கூறவில்லை. முதல் வாக்கெடுப்பில் 11 பேர் 'குற்றவாளி' என்கின்றனர். ஹென்றி ஃபோண்டா நடித்துள்ள எட்டாம் ஜூரர் மட்டும் மறுக்கிறார்.

நீதிபதி விளக்காததைப் படம் விளக்குகிறதா? ஓரிடத்தில் மிகச் சிறப்பாக விளக்குகிறது, மற்றோரிடத்தில் குழப்புகிறது.

சிறப்பான இடத்தை முதலில் பார்ப்போம். கீழ்வீட்டு முதியவர் ஒருவர், உடல் விழும் ஓசை கேட்டு 15 விநாடியில் வாசற்கதவைத் திறந்ததாகவும், இளைஞன் ஓடுவதைக் கண்டதாகவும் சாட்சி சொன்னார். அவரோ காலை இழுத்து நடப்பவர். எட்டாம் ஜூரர் வீட்டின் வரைபடத்தை வரவழைத்து, அத்தூரத்தை அவரைப் போலவே நடந்து காட்டுகிறார். கடிகாரம் 41 விநாடி காட்டுகிறது. தூரம் சுமார் 55 அடி. அதை 15 விநாடியில் கடக்க விநாடிக்கு ஏறத்தாழ 3.7 அடி வேகம் வேண்டும். அது நல்ல கால் உள்ளவரின் நடை! இச்சோதனையிலும் பிழை உண்டு. முதியவரின் நடை ஓர் ஊகமே. ஆனால் 10 விநாடி பிழை என்று கொண்டாலும் 31 விநாடி ஆகிறதே! வேறுபாடு பிழையைவிடப் பெரிது. இத்தகைய ஐயமே நியாயமான ஐயம்.

இனிக் கத்தி. கொலைக் கத்தியைப் போன்ற வேறொன்றைக் கண்டதில்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எட்டாம் ஜூரரோ அதே போன்ற கத்தியைத் தம் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். நாம் வியந்து போகிறோம். ஆனால் இதனால் உடைவது, 'இதைப்போல் வேறில்லை' என்ற கூற்று மட்டுமே. அன்றிரவே, அதே வீட்டிற்கு, அதே மாதிரிக் கத்தியுடன் வேறொருவன் வந்திருப்பானா? 'நடந்திருக்கக் கூடும்' என்கிறார் அவர். நடக்கக் கூடியவை எல்லாம் நியாயமான ஐயம் ஆகிவிட்டால், எந்தக் கொலைகாரனையும் தண்டிக்க இயலாது. மேலும், ஜூரர் தாமே வெளியில் சென்று சான்று திரட்டச் சட்டம் இடந்தருவதில்லை. அதை மறுத்துப் பேச அரசுத் தரப்புக்கு வாய்ப்பே இராது. படம் இதைத் தவறாகக் காட்டவில்லை, வீரமாகக் காட்டுகிறது.

எனினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். உண்மைக் கொலையாளி யார் என்று படம் இறுதிவரை சொல்லவில்லை. 'குற்றவாளி அல்ல' என்ற தீர்ப்புக்கு, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே பொருள். அது நிரபராதி என்ற நற்சான்றிதழ் அன்று.

மாணவர்கள் இப்படத்தை அவசியம் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஐயம் எழும்போதும், இது அளந்து கண்டதா, வெறும் 'கூடுமா' என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.