வெறுமையாய்த் திரும்பியவள்

ரூத்தின் சரித்திரம் 4 அதிகாரங்களே கொண்ட சிறு நூல். ரூத், போவாஸ் இருவரின் காதற்கதையாகவே இதனைப் பெரிதும் எடுத்துரைக்கிறோம். ஆயினும் கதை நகோமியின் இழப்பில் தொடங்கி, அவள் மடியில் கிடத்தப்பட்ட குழந்தையோடு நிறைவுறுவதை நாம் கவனித்தல் வேண்டும்.

கணவனையும் இரு குமாரரையும் மோவாபில் இழந்த அவள், தன்னை மாராள் என்றழைக்கச் சொல்லி, வெறுமையாய்த் திரும்பியதாக முறையிடுகிறாள். அவ்வேளையில் ரூத் உடன் இருக்கிறாளே! துயரம் அருகிலுள்ள அன்பையும் மறைக்கும் என்பதை ஆசிரியர் அறிவார். எனினும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தை மட்டும் குறிப்பிட்டு மேற்செல்கிறார்.

அக்குழந்தை மாண்ட குமாரருக்கு ஈடு என்பாரோடு நாம் உடன்படோம். மரித்தவனின் பெயரை நிலைநிறுத்தும்படியாகப் போவாஸ் ரூத்தை மணக்கிறான். புதிய அன்பு பழைய பெயரை அழிக்கவில்லை. நகோமியோ 4ஆம் அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் பேசுகிறதில்லை. மகிழ்ச்சியைப் பெத்லகேமின் ஸ்திரீகளே மொழிகின்றனர்.

துக்கவீடுகளில் விரைந்து ஆறுதல் கூறிவந்த நமக்கு அந்த மௌனம் ஒரு கடிந்துரை. நடுவயதில் மறுமணம் நாடும் விதவையை நோக்கி, மறைந்தவரை மறந்தாயோ என வினவும் சபைக்கும் அது பொருந்தும். அறுப்புக்காலம் வருமட்டும் உடன் நிற்பதே ரூத் கற்பிக்கும் ஊழியம்.