மணிக்கட்டு மடங்கினால் எடை எங்கே போகும்?

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் ஸ்நாட்சில் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ தூக்கினார். மொத்தம் 328 கிலோ, 77 கிலோ பிரிவில் தங்கம். பளுதூக்கும் வீரர்கள் அப்படி பாரைத் தலைக்கு மேல் நிறுத்தும்போது மணிக்கட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பின்பக்கம் நன்றாகவே மடங்கியிருக்கும். அதே மடிப்போடு 10 கிலோ டம்பெல்ஸில் பிரஸ் அடிக்கும் ஜிம் பையனுக்கு மட்டும் கை ஏன் வலிக்கிறது?

வித்தியாசம் மடிப்பில் இல்லை, எடை இறங்கும் இடத்தில் இருக்கிறது. அந்த வீரரின் உள்ளங்கை மடங்கியிருந்தாலும் பார் உட்கார்ந்திருப்பது முன்கை எலும்புகளுக்கு நேர் மேலே. முழங்கை பூட்டி, தோள் நிமிர்ந்து, எடை எலும்பு வழியாகவே கீழே இறங்குகிறது. அதுவும் நடுவர் சைகை காட்டும்வரைதான். பிறகு பாரைக் கீழே போட்டுவிடலாம். நம் ஆள் விரல்களின் அடிப்பகுதியில் டம்பெல்ஸைப் பிடிக்கிறார். எடை மணிக்கட்டுக்குப் பின்னால் நாலைந்து சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. அதை எலும்பு தாங்காது; எட்டுச் சின்ன எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநார்களும், முன்கையிலிருந்து வரும் தசைநாண்களும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு முறை, நாலு செட். வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே பிரஸ் வகைகளில் பிடி உள்ளங்கையின் அடிமேட்டுக்கு இறங்கி வர வேண்டும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு டம்பெல்ஸ், மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் போதும். கண்ணாடியை நேராகப் பார்த்து நின்றால் இந்தத் தவறு தெரியாது. நண்பரைப் பக்கவாட்டில் நின்று மொபைலில் ஒரு செட் படம்பிடிக்கச் சொல்லுங்கள். பைசெப்ஸ் போஸைவிட அந்த வீடியோவுக்குத்தான் மதிப்பு.

கர்லில் கதை வேறு. எடை மேலே வரும்போது மணிக்கட்டையும் உள்பக்கம் சுருட்டுவது பலருக்குப் பழக்கம். களைத்ததும் அதுவே பின்னால் சரிகிறது. உள்ளங்கை மேல்நோக்கிய கர்ல் தொந்தரவு தந்தால் கட்டைவிரல் மேலே இருக்கும்படி ஹேமர் கர்ல் போடலாம். முன்கை திருகாமல் இயல்பாக நிற்பதால் பலருக்கு இது சுகமாக இருக்கிறது. பிடியின் நடுவில் கை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரமாகப் பிடித்தால் டம்பெல்ஸ் ஒருபக்கம் சாயும், மணிக்கட்டும் கூடவே சாயும். தரையில் கை ஊன்றித் தண்டால் எடுக்கும்போது வலிப்பவர்கள் உருளாத அறுகோண டம்பெல்ஸைப் பிடித்துச் செய்து பார்க்கலாம், மணிக்கட்டு மடங்காது.

எடை கூட்டுவதில் யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. பல ஜிம்களில் டம்பெல்ஸ் வரிசை இரண்டரை கிலோ இடைவெளியில்தான் ஏறும். பாரில் 40 கிலோவிலிருந்து 42.5க்குப் போவது சுமார் 6 சதவீத உயர்வு. டம்பெல்ஸில் 5லிருந்து 7.5க்குப் போனால் ஒரே தாவலில் 50 சதவீதம்! அதையும் ஒவ்வொரு கையும் துணையில்லாமல் தனியாகச் சமன்செய்ய வேண்டும். நெஞ்சும் தோளும் சமாளித்துவிடும், மணிக்கட்டு சமாளிக்காது. அதே எடையில் ரெப்ஸை ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதே சரி. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் என்ன எடுக்கிறார் என்பது உங்கள் கணக்கில் வரக்கூடாது.

ரெப்ஸை எண்ணுகிறோம், எடுப்பதையும் வைப்பதையும் எண்ணுவதில்லை. ஆனால் கை திருகிக்கொள்ளும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். கனமான டம்பெல்ஸை இரு தொடைகளின் மேல் நிறுத்தி, முழங்காலால் உந்தியபடி படுக்க வேண்டும். முடித்ததும் அதே வழியில் தொடைக்குக் கொண்டுவந்து எழுந்திருக்க வேண்டும். படுத்தபடியே கையைப் பக்கவாட்டில் நீட்டித் தரையில் வைப்பவர்களை மாஸ்டர்கள் கண்டிக்காமல் விடுவது எனக்குப் புரியவில்லை.

மணிக்கட்டுப் பட்டை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூட்டை மூடிக் கட்டினால்தான் பயன். வாட்ச் போல அதற்குக் கீழே கட்டுவது வெறும் அலங்காரம். கனமான செட்டுக்கு மட்டும் கட்டுங்கள். 5 கிலோவுக்கும் பட்டை தேவைப்பட்டால் கோளாறு பிடியில் இருக்கிறது.

ஓரிரு நாள் ஓய்வில் தணியும் வலிக்குப் பிடியைத் திருத்தினாலே போதும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்கள் இரவில் மரத்துப்போனால், சுண்டுவிரல் பக்கம் திருகும்போது சுருக்கென்று குத்தினால் மருத்துவரைப் பாருங்கள். கை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரல் அடிக்குழியில் வலி நீடித்தால் தள்ளிப்போடவே வேண்டாம். அங்குள்ள சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவதுண்டு. படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக வலியோடு டம்பெல்ஸைத் தொடாதீர்கள், மறுபடி காட்டுங்கள்.