தமிழ்த் திரையில் சபையும் குடும்பமும்

தமிழ்ப் படத்தில் ஒருவர் கிறிஸ்தவர் என்று காட்ட இயக்குநருக்கு அதிகம் தேவைப்படுவதில்லை. சுவரில் ஒரு சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி, தூரத்தில் கோயில் மணி. இவ்வளவு போதும், நமக்குப் புரிந்துவிடும். ஆனால் அந்த மணி யாரை அழைக்கிறது? அழைப்பைக் கேட்டுப் புறப்படும் குடும்பம் எங்கே? இந்தக் கேள்வியோடு சில படங்களைப் பார்க்கலாம்.

1972-இல் வந்த 'ஞான ஒளி'யை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாதிரியாரின் நிழலில் வளர்ந்த ஆன்டனியாக சிவாஜி நடித்தார். விக்டர் ஹ்யூகோ நாவலின் சாயல் உள்ள கதை. சிறை, தலைமறைவு, வேறு பெயரில் வாழ்வு, மகளை மகள் என்று சொல்ல முடியாத தவிப்பு என்று கதை போகிறது. நடிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஆன்டனி தனியாகத்தான் கடவுளிடம் பேசுகிறார். அவர் பக்கத்தில் முழங்கால்படியிட ஒரு சபை இல்லை.

'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் பூணூலும் சிலுவையும் கழற்றப்படுகின்றன. காதலுக்கு அது வெற்றி, சரி. ஆனால் மேரிக்கு அந்தச் சிலுவை என்னவாக இருந்தது என்று படம் கேட்கவே இல்லையே! 'மின்சார கனவு' (1997) கொஞ்சம் மாறுபட்டது. கன்னியாஸ்திரி ஆக விரும்பும் பெண்ணும், முடிவில் குருத்துவத்துக்குப் போகும் இளைஞனும் அதில் உண்டு. 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) ஜெஸ்ஸிக்குக் குடும்பம் இருக்கிறது, ஆனால் காதலுக்குக் குறுக்கே நிற்கும் சுவராக மட்டும்.

இந்த வரிசையில் மணிரத்னத்தின் 'கடல்' (2013) தனித்து நிற்கிறது. ஜெயமோகன் எழுதியது, மணப்பாடு கடற்கரையில் எடுத்தது. பாழடைந்த கோயிலுக்கு வரும் ஃபாதர் சாமை ஊர் நம்புவதில்லை. யாருமற்ற சிறுவன் தாமஸை அவர் வளர்க்கிறார். மெல்ல மெல்ல ஜனங்கள் வருகிறார்கள். ஒரு சபை உருவாவதைத் தமிழ்த் திரை இவ்வளவு பொறுமையாகக் காட்டியது அபூர்வம். பிறகு பெர்க்மான்ஸ் சூழ்ச்சியால் சாம்மீது பழி விழுகிறது. அதே ஊர் அவரை அடிக்கிறது. அவர் சிறைக்குப் போகிறார்.

என் மனக்குறை இங்கேதான். அதன்பின் படம் தன் நேரத்தையும் புயலையும் சாம், பெர்க்மான்ஸ் இருவரின் மோதலுக்கே செலவிடுகிறது. நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் பெரிய யுத்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சபை வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான ஒன்று தெரியும்: நம்மை அடித்தவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சில் வந்து உட்காருவார். அவருக்கும் நமக்கும் ஒரே அப்பம், ஒரே பாத்திரம். மன்னிப்பு என்பது அங்கே வாராவாரம் செய்யவேண்டிய வேலை. அதற்குப் புயல் தேவையில்லை.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது வெறும் சினிமா விஷயம் இல்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் நாசரேத்தையோ நாகர்கோவிலையோ விடுமுறையில்தான் பார்க்கிறார்கள். அசனப் பந்தியில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும், இரவு குடும்ப ஜெபத்தில் பாட்டி தூங்கி வழிவதும், வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் பவனியும் அவர்களுக்குக் கேள்விப்பட்ட கதைதான். மீதியைப் படங்கள் சொல்லித் தருகின்றன. சங்கத்தில் நம்மோடு பொங்கல் கொண்டாடும் மற்ற நண்பர்களும் நம்மைப் பற்றி அறிவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். 'கடல்' படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். சாம் அடிபடும் இடத்தில் சுற்றி நிற்பவர்களைக் காட்டிக் கேளுங்கள்: "இவங்கள்ல யாரு முதல்ல மன்னிப்புக் கேட்பாங்க?" பதில் என்ன வந்தாலும் சரி, அன்றைய குடும்ப ஜெபத்துக்கு அது போதும்.