பெண்ணுக்குப் பின் பிறந்த தாய்

சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வம்சாவளி. 72 தாய் ராகங்கள்; ஒவ்வொன்றின் கீழும் அதன் குழந்தைகள். 22-ஆவது தாய் கரகரப்பிரியா. ஸ்ரீராகம், மத்தியமாவதி, ரீதிகௌளை, ஆபோகி என்று அவளுக்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெண் பிறந்து வெகு காலத்துக்குப் பிறகுதான் தாய் பிறந்திருக்கிறாள்! 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தபோது, 22-ஆவது ஸ்தானத்தில் இருந்தது ஸ்ரீராகம். முத்துசுவாமி தீட்சிதர் அந்த வழியில் நின்றவர். ஸ்ரீராகத்தில் பாடினார், கரகரப்பிரியாவைத் தொடவில்லை. ஏழு ஸ்வரங்களும் ஏறும்போதும் இறங்கும்போதும் வரிசை தவறாமல் வரவேண்டும் என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. ஸ்ரீராகமோ ஏறும்போது காந்தாரத்தையும் தைவதத்தையும் விட்டுவிடும். ஆகவே அவளை இறக்கிவிட்டு, ஒழுங்கான வேறொருத்தியை அங்கே உட்கார வைத்தார்கள். பெயரிலும் கணக்குத்தான். 'கர' என்ற முதல் இரண்டு எழுத்துக்களைக் கடபயாதி முறையில் எண்ணினால் 22 வரும்.

கணக்குக்காக வந்தவள் கணக்காகவே இருந்துவிட்டாளா? இல்லை. அவளை ராகமாக நிலைநிறுத்தியவர் தியாகராஜர் (1767–1847). 'சக்கனி ராஜ' கீர்த்தனையை நிதானமாகப் பாடக் கேளுங்கள். பட்டியலில் வெறும் இடமாக இருந்த காந்தாரமும் நிஷாதமும் அங்கே அசைந்து, இழைந்து, மனத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த அசைவைப் பட்டியலில் எழுத முடியாது. அதை நீக்கிவிட்டால் ராகமும் இல்லை.

பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலியாக ஓர் இடம் இருக்கிறது என்று காட்டியது அதுதானே? கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் கீர்த்தனைகள் செய்ததற்கும் அந்தப் பட்டியலே தூண்டுதல். ஆனால் இடத்தைக் காட்டுவது வேறு, அதில் குடித்தனம் நடத்துவது வேறு. இலக்கணம் தெரிந்தவரெல்லாம் கதை எழுதிவிட முடிகிறதா?

சபையில் ஆலாபனை தொடங்கியதும், "இருபத்திரண்டாவது மேளம்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டுத் திருப்தியுடன் சாய்ந்துகொள்ளும் ரஸிகர்கள் உண்டு. அவர்கள் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள், வீட்டுக்குள் போகவில்லை. எண் தெரியாவிட்டால் குற்றமில்லை. அந்தக் காந்தாரம் எங்கே நின்றது என்று காது கொடுத்தால் போதும்.